சூடு வைத்தவர், ஆள் கடத்தியவர், முட்டை கலக்கியவர்

1823-ஆம் வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளி திறந்தார்கள். பாரீஸில் அப்போது பதினெட்டாம் லூயி ராஜா. இங்கே பாடம் நடத்த வந்தவர்கள் பெரும்பாலும் கப்பற்படை டாக்டர்கள். மருந்து கொடுப்பதற்கும் போருக்குப் போவதற்கும் ஒரே சீருடை. நகரத்தின் நடுவே பூங்காவுக்கு எதிரில் இருந்த அந்தப் பள்ளிதான் பேர் மாறி, இடம் மாறி, கடைசியில் உழவர்கரை எல்லைக்குள் கோரிமேட்டில் ஜிப்மர் என்று வந்து உட்கார்ந்தது. அது பிற்பாடு.

1823-இல் உழவர்கரையில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு விழித்திரை கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வண்டி கட்டி அந்தப் பள்ளிக்கு அழைத்துப்போனால் கப்பற்படை டாக்டர் என்ன செய்திருப்பார்? ஒன்றும் செய்திருக்க மாட்டார். அதே வியாதி பதினெட்டாம் லூயிக்கு வந்திருந்தால் அரண்மனை டாக்டர்கள் என்ன செய்திருப்பார்கள்? அவர்களும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள்; ஆனால் அதை லத்தீனில் விளக்கியிருப்பார்கள். அத்தனை தலைகளை வெட்டியும் பிரெஞ்சுப் புரட்சியால் கொண்டுவர முடியாத சமத்துவத்தை விழித்திரை சத்தமில்லாமல் கொண்டுவந்திருந்தது.

விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரில் படர்ந்திருக்கும் நரம்புத் தோல். தடிமன் கால் மில்லிமீட்டர் அளவு. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் அதை விழித்திரை என்று சொல்வதில்லை. "ரெட்டினா விலகிடுச்சு", இல்லாவிட்டால் "கண்ணு நரம்பு கழண்டுடுச்சு". கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் தெளிவான கூழ் வயதாக ஆக நீர்த்துச் சுருங்கும். சுருங்குகிறபோது சும்மா சுருங்காமல் இந்தத் தோலையும் பிடித்து இழுக்கும். கண்ணுக்குள் மின்னல் வெட்டுகிறது, பூச்சி பறக்கிறது என்று நோயாளி சொல்வது அப்போதுதான். இழுத்த இடம் கிழிந்தால் ஓட்டை. ஓட்டை வழியாக நீர் பின்னால் புகுந்து தோலைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டே போகும். ஓர் ஓரத்திலிருந்து இருட்டு ஏறி வரும். வலி மட்டும் கிடையாது. அதுதான் வம்பே. பல் வலித்தால் ராத்திரி பதினொரு மணிக்கு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் நாம்; வலிக்காத வியாதிக்குப் பொங்கல் கழியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தேதி கொடுப்போம். அதற்குள் நடுப்பார்வைக்கான இடமும் உரிந்துவிடும்.

நம் முன்னோர் கண்ணில் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. சுசுருதர் கண்ணோய் 76 என்று எண்ணினார். நம் சித்த நூல்கள் 96 என்றன. எண்ணிக்கையில் தமிழன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இங்கிலீஷ்காரர்கள் 1819-லேயே சென்னையில் கண் ஆஸ்பத்திரி தொடங்கிவிட்டார்கள். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி கண் நோயாளிகளுக்குக் கேஸ் ஷீட் எழுதவைத்து, கண்ணைப் படமாகவும் வரையவைத்தார். ஒரு ராஜா செய்கிற வேலையா இது என்று அரண்மனையில் சிலர் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் இத்தனை பேரும் பார்த்தது கண்ணின் முன்பக்கத்தை. கறுவிழிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உயிருள்ள மனிதன் கண்ணில் இவர்களில் எவரும் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தால் டாக்டரின் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும்.

1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் பேராசிரியர் அந்தச் சிக்கலை அவிழ்த்தார். மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை காட்டலாமே என்று அட்டை, பசை, மூக்குக் கண்ணாடி வில்லை, மெல்லிய கண்ணாடித் துண்டுகள் என்று மேசைமேல் கிடந்ததையெல்லாம் சேர்த்து ஒரு கருவி செய்தார். உள்ளே பார்த்தால் சிவப்பாக ஒளிர்ந்தது விழித்திரை.

பார்க்க முடிந்ததும் வந்தது வினை. அதுவரை தெரியாது என்று சும்மா இருந்த டாக்டர்கள் இனி ஏதாவது செய்தே தீரவேண்டும் என்று ஆனது. அடுத்த எழுபது வருஷம் ஐரோப்பாவில் நடந்ததைப் படித்தால் அது ஆஸ்பத்திரியா, வாக்குமூலம் வாங்குகிற இடமா என்று சந்தேகம் வரும். நோயாளியை மல்லாக்கப் போட்டுத் தலையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை முட்டுக் கொடுத்தார்கள். இரண்டு கண்ணையும் கட்டி வாரக்கணக்கில் அசையாதே என்றார்கள். உப்பில்லாச் சாப்பாடு. வேர்த்துக் கொட்ட ஒரு மருந்து, பேதியாக ஒரு மருந்து, போதாக்குறைக்குப் பாதரசம். படுத்திருக்கும்வரை சிலருக்குத் திரை கொஞ்சம் ஒட்டும். எழுந்து நடந்தால் கழன்றுவிடும். மறுபடி படுக்கை, மறுபடி மணல் மூட்டை.

பெர்லினில் ஃபான் கிரேஃபெ, அந்தக் காலத்துக் கண் மருத்துவத்தின் சக்கரவர்த்தி, பின்னால் தேங்கிய நீர் முன்னால் வடியட்டும் என்று விழித்திரையையே ஊசியால் குத்திப் பார்த்தார். ஓட்டையால் வந்த வியாதிக்கு வைத்தியம் இன்னொரு ஓட்டை. ஒருவர் அயோடினை ஊசியில் ஏற்றிக் கண்ணுக்குள் செலுத்தினார். டாய்ச்மன் என்பவர் முயலின் கண்ணிலிருந்து கூழை எடுத்து மனிதக் கண்ணில் போட்டார். மனிதனுக்குப் பார்வை வரவில்லை. முயலுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் குறித்துவைக்கவில்லை. 1912-இல் அமெரிக்காவில் வெய்ல் என்ற டாக்டர், "உங்களில் யாராவது இந்த வியாதியைக் குணப்படுத்தியிருக்கிறீர்களா, உண்மையைச் சொல்லுங்கள்" என்று சக டாக்டர்களுக்குக் கடிதம் எழுதிக் கணக்கெடுத்தார். தேறியது ஆயிரத்தில் ஒருவர். அந்த ஒருவரும் சாமி புண்ணியத்தில் தேறியவராகத்தான் இருக்கவேண்டும்.

இந்த இடத்தில் வருகிறார் சூடு வைத்தவர். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து ஜூல் கோனேன். 1870-இல் பிறந்தவர், பொறுமைசாலி. செத்தவர்களின் கண்களை வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கழன்ற திரையில் கிழிசல் இருப்பதையும், கூழ் அதைப் பிடித்து இழுத்திருப்பதையும் மறுபடி மறுபடி கண்டார். அவருக்குத் தோன்றியது ரொம்ப எளிய விஷயம்: ஓட்டையைக் கண்டுபிடி, அடை. உழவர்கரையில் ஓவர்ஹெட் டேங்க் ரிப்பேர் பார்க்கிற யாரைக் கேட்டிருந்தாலும் 1851-லேயே சொல்லியிருப்பார். ஆனால் பெரிய பெரிய பேராசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. திரை கழன்றதால்தான் கிழிந்தது, கிழிந்ததால் கழலவில்லை என்பது அவர்கள் வாதம். மாமியாரால் சண்டையா, சண்டையால் மாமியாரா என்கிற மாதிரி இது வருஷக்கணக்கில் நடந்தது.

கோனேன் வாதம் செய்வதை விட்டுவிட்டு 1919 வாக்கில் வேலையை ஆரம்பித்தார். முதலில் மணிக்கணக்கில் உட்கார்ந்து கண்ணுக்குள் ஓட்டை எங்கே என்று தேடுவார். கடிகார முள்ளின் கணக்கில் எத்தனை மணிக்கு இருக்கிறது, ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொள்வார். கண்ணின் வெள்ளை மேல் மையால் புள்ளி வைப்பார். அந்த இடத்தில் கத்தியால் சின்னதாகக் கீறுவார். பின்னால் தேங்கியிருந்த நீர் வடியும். அப்புறம் பாக்கெலேன் என்ற பிரெஞ்சுக்காரர் செய்த சூட்டுக்கோல். ரப்பர்ப் பந்தை அமுக்க அமுக்க பென்சீன் ஆவி பாய்ந்து பிளாட்டின முனை வெளுக்கக் காயும். அதை அந்தக் கீறலுக்குள் நுழைத்து ஒரு சூடு. நோயாளி முழித்துக்கொண்டுதான் இருப்பார், கொக்கேய்ன் சொட்டு மருந்தின் தயவில்.

மஞ்சள் காமாலைக்கு நம்மூர்ப் பாட்டி சூடு வைத்தால் அது மூடநம்பிக்கை, லோசானில் வைத்தால் அறுவை சிகிச்சையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வித்தியாசம் அந்த மைப்புள்ளியில் இருந்தது. பாட்டி எங்கே வேண்டுமானாலும் வைப்பாள். கோனேன் ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும் வைத்தார். சூடு ஆறித் தழும்பாகும்போது திரை அந்த இடத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஆயிரத்தில் ஒன்று என்றிருந்தது பாதிக்குப் பாதி தேறுகிற நிலைக்கு வந்தது. 1929-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகக் கண் மருத்துவர் மாநாட்டில் மற்ற ஊர் டாக்டர்களும் எழுந்து, ஆமாம், எங்களுக்கும் ஒட்டுகிறது என்றார்கள். காரணமா விளைவா என்று முந்தின வருஷம்வரை அடித்துக்கொண்டவர்கள் லோசானுக்கு டிக்கெட் எடுத்தார்கள். கோனேன் 1935-இல் இறந்தார். சரி என்று உலகம் சொன்ன பிறகு அவருக்குக் கிடைத்தது ஆறே வருஷம்.

சூட்டுக்கோலுக்கு அப்புறம் சூட்டையே வெளிச்சமாக அனுப்பலாம் என்று கண்டவர் ஜெர்மனியின் மேயர்-ஷ்விக்கெராத். 1945 ஜூலையில் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்த ஒரு மாணவன் விழித்திரையைப் பொசுக்கிக்கொண்டு இவரிடம் வந்தான். திட்டி அனுப்பவேண்டிய டாக்டர், அந்தத் தழும்பை உற்றுப் பார்த்து, அடடே என்றார். ஆஸ்பத்திரி மாடியில் கண்ணாடிகளைப் பொருத்தி, சூரிய வெளிச்சத்தைக் குழாய் வழியே கீழே இறக்கி, நோயாளியின் கண்ணுக்குள் பாய்ச்சினார். இதை அவர் செய்த ஊர் ஹாம்பர்க். வருஷத்தில் பாதி நாள் மேகம் மூடிக்கிடக்கிற ஊர்! மே மாதம் உழவர்கரையில் செய்திருந்தால் ஓட்டையோடு கண்ணும் பொரிந்திருக்கும். மேகத்தோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் அப்புறம்தான் மின்விளக்குக்கு மாறினார்; இன்றைய லேசருக்கு அதுதான் பாட்டன். பிற்பாடு அமெரிக்காவில் லிங்காஃப் போன்றவர்கள் சூடே வேண்டாம், உறையவைத்தாலும் தழும்பாகும் என்று எதிர்ப்பக்கம் போனார்கள். கண்ணுக்குத்தான் கோடையும் குளிரும்.

நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்பார்கள். விழித்திரை நல்ல மாடு இல்லை. கோனேன் கையால் சூடு வாங்கியவர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஒட்டவில்லை, அல்லது ஒட்டி மறுபடி கழன்றது. ஓட்டை ஒன்று என்று நினைத்தால் மூன்று இருக்கும்; ஓரத்தில் ஒளிந்திருக்கிற ஓட்டை அந்தக் காலத்துக் கருவிக்குத் தெரியாது. கண்டுபிடித்து அடைத்தாலும் கூழ் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு விடை சொன்னவர்தான் ஆள் கடத்தியவர். சார்லஸ் ஸ்கெப்பன்ஸ், பெல்ஜியத்துக் கண் டாக்டர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன்காரர்கள் பெல்ஜியத்தைப் பிடித்தபோது ரகசிய எதிர்ப்புக் குழுவில் இருந்து, கெஸ்டாபோவிடம் மாட்டி, தப்பி, பிரான்ஸின் தெற்கு மூலையில் பிரனீஸ் மலையடிவாரத்தில் மெந்தீவ் என்ற கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் பேர் ஜாக் பெரோ. தொழில் மர வியாபாரம். மலை மேலிருந்து கட்டைகளை இறக்க ஒரு கம்பிவட வண்டிப் பாதை. கட்டைகள் கீழே வரும், ஆட்கள் மேலே போவார்கள். மேலே போனால் அந்தப் பக்கம் ஸ்பெயின். ஓர் ஆட்டிடையர் வழிகாட்டினார். நூறு பேருக்கு மேல் இப்படித் தப்பினார்கள். ஊருக்குள்ளே பெரோ ஜெர்மன் அதிகாரிகளோடு சிரித்துப் பேசி வியாபாரம் செய்வார். ஊர்க்காரர்கள் இவனும் ஒரு துரோகி என்று பல்லைக் கடித்தார்கள். 1943-இல் குட்டு வெளிப்பட, தானே மலை ஏறி ஸ்பெயின் வழியாக லண்டன் போனார். மனைவியும் குழந்தைகளும் பிறகு நடந்தே மலையைக் கடந்தார்கள். மெந்தீவ் ஊரார் மர வியாபாரி ஒரு கண் டாக்டர் என்று தெரிந்துகொண்டது போர் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்து.

லண்டனில் குண்டு விழுகிற நாட்களில் கிடைத்த தட்டுமுட்டுச் சாமானை வைத்து ஸ்கெப்பன்ஸ் தலையில் மாட்டிக்கொள்கிற ஒரு கருவி செய்தார். விளக்கும் நெற்றியில், இரண்டு கண்ணாலும் பார்க்கலாம், கை இரண்டும் சும்மா இருக்கும். ஒரு கையில் வில்லை, இன்னொரு கையால் கண்ணை ஓரத்தில் லேசாக அமுக்கினால், ஒளிந்திருந்த ஓட்டைகளெல்லாம் வரிசையாக வந்து ஆஜர் சொல்லும். ஒரே சிக்கல், எல்லாம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். அதனால் கண் மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள் படம் வரைகிற அழகைப் பார்க்கவேண்டும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, அவர் நெஞ்சுமேல் தாளைத் தலைகீழாக வைத்து, குனிந்து பார்த்துப் பார்த்துக் கலர் பென்சிலால் போடுவார்கள்: ஒட்டியிருக்கிற திரை சிவப்பு, கழன்ற திரை நீலம், ஓட்டை என்றால் நீலக் கோட்டுக்குள் சிவப்பு. கணினி வந்து இத்தனை காலமாகியும் இந்தப் பென்சில் டப்பா போகவில்லை. நெஞ்சுமேல் தாளோடு அரை மணி நேரம் கிடக்கிற நோயாளி, இவன் டாக்டரா டிராயிங் வாத்தியாரா என்று விழிப்பார், மற்ற கண்ணால்.

ஓட்டையைப் பார்த்தாயிற்று. கூழின் இழுப்பை என்ன செய்வது? ஜெர்மனியில் கஸ்டோடிஸ் 1949-இல் ஒரு யோசனை கண்டார். பாஸ்டனுக்குக் குடிபோயிருந்த ஸ்கெப்பன்ஸ் 1951 முதல் அதைப் பெரிய அளவில் செய்தார். கழன்ற திரை சுவரிடம் வராவிட்டால் சுவரைத் திரையிடம் கொண்டுபோ. கண்ணின் வெளிப்பக்கம் ஒரு துண்டு வைத்துத் தைத்து, சுற்றிலும் ஒரு பட்டையைக் கட்டி இறுக்கு. சுவர் உள்ளே குழியும், இழுப்பு தளரும், ஓட்டை அடைபடும். ஆஸ்பத்திரியில் இதைப் பக்கிள் என்பார்கள். நம் கணக்கில் கண்ணுக்கு அரைஞாண் கயிறு. சிலிக்கோனில் செய்தது, வெளியே தெரியாது, குழந்தைக்குக் கட்டுவதைப்போல வளர வளர அவிழ்த்துக் கட்டவும் வேண்டாம். பலர் ஆயுசுக்கும் கட்டிக்கொண்டே திரிகிறார்கள்.

இந்த மர வியாபாரியிடம் பாஸ்டனில் போய்ப் பாடம் கேட்டவர்களில் ஒருவர் மெட்ராஸ்காரர்: எஸ்.எஸ். பத்ரிநாத். 1970-இல் ஊர் திரும்பி, 1978-இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவை ஆரம்பித்தார். ஆக மெந்தீவ் மலையில் கட்டை இறக்கிய கைக்கும் நுங்கம்பாக்கத்தில் பக்கிள் கட்டிய கைக்கும் நடுவே ஒரே ஒரு தலைமுறைதான். ரெட்டினா கழன்றால் மெட்ராஸுக்குப் பஸ் ஏறு என்ற புத்திமதி தென்னாற்காட்டுக்கும் புதுச்சேரிக்கும் அப்போதிருந்து வந்ததுதான்.

அந்த இடைவெளியில் நம் பிரெஞ்சுப் பள்ளி என்ன செய்துகொண்டிருந்தது? பேர் மாற்றிக்கொண்டிருந்தது. 1954 நவம்பரில் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. 1956-இல் பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது. புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது பிரெஞ்சுத் தூதர். கடையைக் காலி செய்கிறவர் புதுக் கடைக்குக் குத்துவிளக்கு ஏற்றிக் கொடுத்த மாதிரி. 1959-இல் கோரிமேட்டுக்குக் குடிவந்தது. 1964 மே மாதம் நேரு காலமானார். ஜூலை 13-ஆம் தேதி கல்லூரிக்கு அவர் பெயர் வந்து ஜிப்மர் ஆகிவிட்டது. சர்க்கார் பலகை இவ்வளவு வேகமாக எழுதப்பட்டதை நான் அதற்கு முன்னும் பின்னும் கேள்விப்பட்டதில்லை. பேர் போன தன்வந்திரி கோபித்துக்கொள்ளாமல் கோரிமேட்டில் ஒரு நகருக்குப் பெயராகி அங்கேயே தங்கிவிட்டார்.

சூடு, குளிர், அரைஞாண் எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு ஒன்றிரண்டு மாதத்தில் திரை மறுபடி கழன்றது. ஓட்டை அடைந்துதான் இருக்கும். ஆனால் திரை மட்டும் நட்சத்திரம் நட்சத்திரமாக மடிப்பு விழுந்து விறைத்துக்கொண்டு எழுந்து நிற்கும். டாக்டர்கள் திரும்பத் திரும்பத் தங்கள் கையைச் சந்தேகப்பட்டார்கள். நோயாளிகள் அவர்களைவிட அதிகமாகச் சந்தேகப்பட்டார்கள்.

கைமேல் குற்றம் இல்லை என்று கண்டவர் முட்டை கலக்கியவர். ராபர்ட் மாக்கெமர், ஜெர்மன்காரர், மியாமியில் வேலை. அந்தக் காலத்தில் கண்ணின் கூழைத் தொடுவது பஞ்சமா பாதகம். தொட்டால் கண் போச்சு என்று பாடப்புத்தகம் சொன்னது. அதே மியாமியில் காஸ்னர் என்பவர் கூழை வெட்டி எடுத்தும் கண் பிழைப்பதைக் காட்டியிருந்தார்; ஆனால் அவர் அதற்குக் கண்ணைப் பெரிதாகத் திறந்தார். திறக்காமல் பக்கவாட்டில் ஊசி அளவு துளை போட்டு எடுக்க முடியுமா என்று மாக்கெமர் வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து யோசித்தார். கூழுக்குப் பதில் முட்டை வெள்ளைக்கரு. ஒரு குழாய்க்குள் துளையிடும் கம்பியைப் பொருத்தி, சின்ன மோட்டாரால் சுற்றி, வெள்ளைக்கருவை வெட்டி உறிஞ்ச முடிகிறதா என்று முட்டை முட்டையாக உடைத்துப் பார்த்தார். அந்த வீட்டில் அந்த மாதம் மஞ்சள்கருவை எத்தனை விதமாகச் சமைத்தார்கள் என்பதை எந்த மருத்துவ இதழும் வெளியிடவில்லை. 1970 ஏப்ரல் 20-ஆம் தேதி, ஐந்து வருஷமாகக் கண்ணுக்குள் ரத்தம் தேங்கிக்கிடந்த ஒரு சர்க்கரை நோயாளிக்கு அந்தக் கருவியை முதல்முறை போட்டார். வெளிச்சம் வந்தது.

உள்ளே போக வழி கிடைத்ததும் குரங்குகளின் கண்ணில் விழித்திரையைக் கழற்றிவிட்டு என்ன நடக்கிறது என்று கவனித்தார். திரைக்குப் பின்னால் சுவரில் கறுப்பு நிறச் செல்கள் ஒரு வரிசையாக உட்கார்ந்திருக்கும். பரம சாது. ஓட்டை விழுந்ததும் அவை கிளம்பி வெளியே வருகின்றன. வந்த இடத்தில் பெருகிப் பெருகி, திரையின் இரண்டு பக்கமும் சவ்வாகப் படர்ந்து, காயம் ஆறுகிறபோது தழும்பு சுருங்குவதுபோலச் சுருங்கித் திரையை இழுத்து உரித்துவிடுகின்றன. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. காயத்தை ஆற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் இதெல்லாம். சூடும் தழும்புதான், இதுவும் தழும்புதான். டாக்டர் கேட்ட இடத்தில் வந்தால் வைத்தியம், கேட்காத இடத்தில் வந்தால் வியாதி. 1983-இல் ஒரு கமிட்டி கூடி இதற்கு வாயில் நுழையாத நீளத்தில் பேர் வைத்தது. டாக்டர்கள் சுருக்கமாகப் பி.வி.ஆர். என்பார்கள். இன்றைக்கும் விழித்திரை ஒட்டும் அறுவை முடிந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது வந்து காரியத்தைக் கெடுக்கிறது.

எங்கள் ரெட்டியார்பாளையத்து மாமா ஒருவர் அந்த ஐந்து முதல் பத்தில் ஒருவர். சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஜிபூத்தி வெயிலில் டியூட்டி பார்த்ததைச் சொல்லாமல் சாப்பாட்டு இலையை மடிக்கமாட்டார். முதல் அறுவையில் கூழை எடுத்து, லேசர் வைத்து, கேஸ் போட்டார்கள். கண்ணுக்குள் காற்றை அடைத்துத் திரையை அமுக்கிவைக்கிற யோசனை பழசு. ஸ்வீடனின் ரோசென்கிரென் 1938-லேயே செய்தார். காற்று சில நாளில் கரைந்துவிடும் என்பதால் 1973-இல் நார்ட்டன் கந்தக ஹெக்சாஃபுளோரைடைக் கொண்டுவந்தார். மின்சார நிலையங்களில் சுவிட்சுக்குள் அடைக்கிற அதே வாயு. குமிழி மேலே மிதக்கும். பின்சுவரில் இருக்கிற திரையை அது தாங்கவேண்டுமானால் பின்சுவர் மேலே வரவேண்டும். அதாவது குப்புறப் படுக்கவேண்டும்.

"நான் ராணுவத்துல குப்புறப் படுத்தது துப்பாக்கி சுட மட்டுந்தான்" என்றார் மாமா.

"இப்ப சுட வேணாம், சும்மா படுங்க" என்றாள் அத்தை.

பெரிய இடி அப்புறம்தான் விழுந்தது. மகன் பாரீஸில். பேரனின் முதல் நன்மைக்கு டிக்கெட் போட்டாயிற்று. விமானம் மேலே போகப் போக அழுத்தம் குறைந்து கண்ணுக்குள் இருக்கிற கேஸ் விரியும், கண்ணே போய்விடும், கேஸ் கரைகிறவரை பறக்கக் கூடாது என்றார் டாக்டர்.

"அப்ப ரயில்ல போலாமா டாக்டர்?"

"பாரீஸுக்கா சார்?"

"கேட்டு வைக்கிறேன்."

கேஸ் கரைந்தது, கூடவே திரையும் கழன்றது. பி.வி.ஆர். இரண்டாவது முறை அரைஞாணும் கட்டி, சவ்வைச் சின்னக் கிடுக்கியால் உரித்து, எண்ணெய் போட்டார்கள். கண்ணுக்குள் சிலிக்கோன் எண்ணெய் ஊற்றலாம் என்று 1962-இல் சொன்னவர் அமெரிக்காவில் இருந்த பால் சிபிஸ். எண்ணெய் கரையாது, டாக்டர் எடுக்கிறவரை இருக்கும். விமானத்தில் போகலாம். மாமாவுக்கு அதுவே பாதி உயிர். கண்ணாடிப் பவர் மட்டும் ஒரேயடியாக மாறும். இந்த எண்ணெய் இப்போது மதுரையிலேயே, அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப்பில் தயாராகிறது. மதுரை என்று கேட்டதும் அத்தைக்கு ஒரு நிம்மதி. என்ன எண்ணெய், நல்லெண்ணெயா என்று மட்டும் கேட்டுத் தெளிந்துகொண்டாள்.

எண்ணெய்க்கும் ஒரு குணம் உண்டு. தண்ணீரைவிட லேசு, மேலேதான் மிதக்கும். கண்ணின் அடிப்பக்கத்தை அது முழுதாகத் தாங்காது; கறுப்புச் செல்களும் நீரில் இறங்கி அடியில்தான் சேரும். மாமாவுக்குச் சரியாக அடியில் மறுபடி கழன்றது. மூன்றாவது அறுவை. இந்தத் தடவை கையாண்டது மாக்கெமர் தைரியமாகத் தொடங்கிவைத்த வேலை: விறைத்துச் சுருங்கிப்போன விழித்திரையையே வெட்டி எடுத்துவிடுவது. ஒட்டுவதற்கென்று நூறு வருஷம் பாடுபட்ட சாதி கடைசியில் கத்தரி எடுத்தது. இருக்கிற திரையைக் காப்பாற்ற, சுருங்கின திரையைக் கொடு. வெட்டும் நேரத்தில் மீதித் திரையைத் தட்டையாக அமுக்கிப் பிடிக்கத் தண்ணீரைவிடக் கனமான ஒரு திரவம் இருக்கிறது. செயற்கை ரத்தம் செய்கிற ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1966-இல் லேலண்ட் கிளார்க் என்பவர் அந்த வகைத் திரவத்தில் ஒரு சுண்டெலியை முழுசாக முக்கினார், அது மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. 1980-களின் நடுவில் ஸ்டான்லி சாங் அதைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார். செல்கள் பெருகாமலிருக்க மருந்து ஏதாவது உண்டா என்று ஸ்டீராய்டிலிருந்து புற்றுநோய் மருந்துவரை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டார்கள். முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட்டைக்கூட இப்போது ஊசியாகப் போட்டுப் பார்க்கிறார்கள். இதுதான் என்று ஒரு மருந்தின் பேரை இன்னும் யாரும் துணிந்து சொல்லவில்லை.

மாமாவின் திரை இந்தமுறை நின்றது. கொஞ்சம் பார்வையும் இருந்தது. ஆளைத் தெரியும், பேப்பர் தலைப்பு தெரியும், பென்ஷன் தாளில் தொகை நன்றாகவே தெரியும். சில மாதம் கழித்து எண்ணெயை எடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்தது. ரொம்ப நாள் விட்டால் எண்ணெய் துளித்துளியாக உடைந்து கண்ணின் அழுத்தத்தை ஏற்றும்.

"எடுத்தா திரும்பக் கழண்டுடுமா டாக்டர்?" என்றாள் அத்தை.

"கழலலாம்மா. கழலாமயும் இருக்கலாம்."

"பத்துப் பேர்ல எத்தன பேருக்குக் கழலுது?" என்று கேட்டார் மாமா.

"ஒண்ணு ரெண்டு பேருக்கு."

"அந்த ஒண்ணு ரெண்டுல நான் ஏற்கெனவே ரெண்டு தடவ இருந்துட்டேன். மத்தவங்களுக்கும் ஒரு சான்ஸ் குடுங்க, எடுத்துடுங்க."